பத்து இலக்கம்

பழவேற்காட்டில் எங்கள் வாப்பாவுக்குக் கருவாடு மொத்த வியாபாரம். வாங்க வருகிறவன் வாயைத் திறக்கும் முன்பே அவன் செருப்பைப் பார்த்து எந்த விலை வரைக்கும் ஏறி வருவான் என்று கணக்குப் போட்டுவிடுவார். நான் கருவாட்டை விட்டு சாஃப்ட்வேருக்கு வந்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கருவாட்டை வாங்குகிறவன் முகர்ந்து பார்ப்பான். சாஃப்ட்வேர் வாங்குகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டிடக் கம்பி செய்கிற ஆலை ஒன்று, காகிதத்தை ஒழித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறுவது என்று முடிவெடுத்தது. அதைச் செய்து கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேடினார்கள். அம்பத்தூரில் ஸ்டீவன் நடத்துகிற எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை கிடைத்தது. ஸ்டீவன் என்னை அனுப்பினார்.

முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. அங்கே வெளி ஆள் நான் மட்டும் இல்லை. கேட்டில் நிற்கிறவர் ஒரு ஏஜென்சி ஆள், சாப்பாடு போடுகிறவர் இன்னொரு ஏஜென்சி. பஸ், பெருக்குகிற வேலை, பாம்பு பிடிப்பது எல்லாமே கான்ட்ராக்ட். உலைப் பக்கம் வேலை செய்கிற நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கான்ட்ராக்டர் அனுப்பியவர்கள். சொந்த ஆள் என்று பார்த்தால் முதலாளி, ஆட்களைக் கவனிக்கிற மேனேஜர் பாக்கியராஜ், நாலைந்து இன்ஜினியர்கள், டைம் ஆபீஸ் ரோசம்மாள், அவ்வளவுதான். வாசல் பிள்ளையாருக்குப் பூ வைப்பதுகூட மாதக் கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ரோசம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். யார் எப்போது வந்தார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்று இருபத்திரண்டு வருடமாக எழுதி வந்தவர். மேஜையை மூடுகிற அளவுக்குப் பெரிய பதிவேடு ஒன்று வைத்திருந்தார். அதன் கடைசிக் கட்டத்துக்கு மேலே, ‘அவசரத்துக்குச் சொல்ல வேண்டியவர்’ என்று எழுதியிருந்தது. பெரும்பாலான ஆட்களுக்கு நேராக போன் நம்பர் இருந்தது. அறுபத்து மூன்று பேருக்கு நம்பர் இல்லை. வாக்கியம் இருந்தது.

‘வேப்பம்பட்டு கேட் தாண்டி இஸ்திரி வண்டி. தம்பிதான்.’

‘சர்ச்சில் மணி அடிக்கிறவரிடம் சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்.’

‘சம்சாரத்திடம் நேராகச் சொல்லக்கூடாது. நெஞ்சு வலி உண்டு. முதலில் மச்சானைப் பிடிக்கவும்.’

“இன்னாக்கா இது, ரிஜிஸ்டரா தொடர்கதையா?” என்றேன்.

“சிரி பாய், சிரி. ஒரு ஊட்டுக்கு ஒரு போன்தான் கீது. அத்தயும் வேலைக்கு வர்றவன் பாக்கெட்ல போட்டுக்கினு வந்துடுறான். அவன் உழுந்துட்டா நீ யாருக்கு அடிப்பே? அவனுக்கேவா? அதான், எங்க போயி நின்னா ஆளு ஆப்டும்னு எழுதி வச்சிக்கிறேன்.”

நாங்கள் விற்ற சரக்கில் முதலாளியை மயக்கியது ஒரு சிவப்புப் பொத்தான். யாருக்காவது அடிபட்டால் அவர் அடையாள அட்டையைக் கருவியில் காட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். குடும்பத்துக்குத் தானாகவே போன் போகும். ‘உங்கள் உறவினர் பற்றிய தகவல். பெற்றுக்கொண்டால் ஒன்றை அழுத்தவும்’ என்று ஒரு பெண் குரல் பேசும். அழுத்தினால் திரையில் பச்சையாக ஒரு டிக் விழும். பக்கத்தில் ‘குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று வரும். என் நம்பரைப் போட்டுத்தான் செய்து காட்டினேன். முதலாளி முன்னால் என் போன் அடித்தது. ஒன்றை அழுத்தினேன். பச்சை விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான்கூட லேசாகக் குனிந்து வணங்கினேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மதியம் பதிவேட்டில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். முந்நூற்று நாற்பத்தொன்பது பேர் ஏறினார்கள். அறுபத்து மூன்று பேர் சிவப்பாக நின்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வரி: ‘பத்து இலக்கம் தேவை.’ அந்தக் கட்டத்துக்கு வாக்கியம் ஆகாது. இஸ்திரி வண்டி ஆகாது, சர்ச் மணி ஆகாது.

பாக்கியராஜ் தோளுக்குப் பின்னால் நின்றார். “சஹாபுதீன், காலைல முதலாளி வர்றாரு. கம்ப்யூட்டர் முன்னாடி உடைக்கப் பூசணிக்காய்கூட வாங்கியாச்சு. ஒரு சிவப்பு இருக்கக்கூடாது.”

“ஒரு வாரம் குடுங்க சார். அறுபத்து மூணு பேரையும் உக்கார வச்சிக் கேட்டுடலாம்.”

“ஒரு மணி நேரம் தர்றேன்.”

ஒரு வாரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருந்தன. நான் பேரம் பேசவில்லை. அறுபத்து மூன்று கட்டத்திலும் என் நம்பரைப் போட்டேன். தற்காலிகமாக. எங்கள் தொழிலில் இதைவிட இனிப்பான சொல் கிடையாது. சிவப்பெல்லாம் ஓடிப்போனது. மறுநாள் பூசணிக்காய் உடைந்தது.

அன்றைக்கே ரோசம்மாள் கேட்டார். “நம்பர் இல்லாதவங்களுக்கு இன்னா பாய் பண்ணே? நான் எழுதனதுலாம் எங்க?”

“எல்லாம் உள்ள இருக்குக்கா.”

“படிக்க முடியுமா?”

“அடுத்த வெர்ஷன்ல படிக்கலாம்.”

கடைசிப் பதிவேட்டை லாரியில் ஏற்றி எங்கோ ஒரு கோடவுனுக்கு அனுப்பினார்கள். பழைய காகிதத்தைப் பாதுகாக்கவும் ஓர் ஏஜென்சி இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு வேடிக்கையாகத்தான் போனது. யார் வேலைக்கு வந்தாலும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும். அறுபத்து மூன்று வீட்டின் செய்தியும் எனக்கு வந்தது. திடீரென்று அறுபத்து மூன்று சொந்தக்காரர்கள். யார் திங்கட்கிழமை லேட், யார் சம்பளத்துக்கு மறுநாள் லீவு, எல்லாம் தெரியும். லோகநாதன் என்று ஒருவர், கிரேனுக்குக் கீழே நின்று கம்பிக் கட்டைப் பிடிக்கிறவர், ஒரு நாள் தவறாமல் ஏழு ஐம்பத்தைந்துக்கு வருவார். முகம் தெரியாது. ஆனால் ஏழு ஐம்பத்தைந்துக்கு லோகு வந்துட்டான் என்று மனசு சொல்லும். பிறகு தொந்தரவு தாங்காமல் அந்தச் செய்திகளுக்குச் சத்தம் வராதபடி செய்துவைத்தேன். நம்பர் புழக்கத்தில் இருக்கிறதா என்று சோதிக்க அடிக்கடி அழைப்பும் வரும். அதே பெண் குரல், அதே ‘ஒன்றை அழுத்தவும்’. கேட்பதையே விட்டுவிட்டேன். எடுப்பது, ஒன்று, வைப்பது. கொசு அடிக்கிற மாதிரி.

நம்பர்களை மாற்ற வேண்டும் என்று மாதம் ஒரு முறை நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் அப்படியே போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காட்டுப்பள்ளியில் இருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிற ஒருவரிடம் இதே சரக்கை விற்றுக்கொண்டிருந்தேன். “சார், ஒரு பொத்தான்தான். அஞ்சு நொடில குடும்பத்துக்குச் சேதி போயிடும்” என்று சொல்லும்போது போன் அடித்தது. எடுத்தேன். ஒன்று. வைத்தேன்.

“யாரு?” என்றார் அவர்.

“விளம்பரம் சார்” என்றேன்.

திரும்பும் வழியில் மீஞ்சூரில் டீ குடிக்க நிறுத்தினேன். மூன்றே கால் மணி. சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சத்தமில்லாத செய்திகளுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டது. ‘அவசரம். லோகநாதன் பணியிடத்தில் காயமடைந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். 11.14.’

டீயைக் கீழே வைத்தேனா, ஊற்றினேனா, நினைவில்லை. பாக்கியராஜுக்கு அடித்தேன்.

“ஆமா சார். கம்பிக் கட்டு சரிஞ்சு இடுப்புல விழுந்துடுச்சு. நினைவோடதான் இருக்கான். ஆனா உங்க சிஸ்டம் சூப்பர் சார். பதினொண்ணு பதினாலுக்கே பச்சை. ஃபேமிலி கன்ஃபர்ம். நாலு மணி நேரமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னா ஜனங்க சார் இவங்க?”

“ரோசம்மா அக்காகிட்ட குடுங்க.”

“இன்னா பாய்?” என்றார் ரோசம்மாள்.

“அக்கா, லோகு ஊட்ல யாருக்கும் தெரியாது.”

“பச்ச வந்துக்குதே.”

“தெரியாதுக்கா. நம்பர் தப்பு.”

யாருடைய நம்பர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்க நிற்கவில்லை. போனை மேஜையில் போட்ட சத்தமும், செருப்பு ஓடுகிற சத்தமும் கேட்டன.

ஆலைக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியின் கேன்டீன். லோகுவின் மனைவி குணசுந்தரி அங்கே பாத்திரம் கழுவுகிறவள், அவளும் கான்ட்ராக்ட்தான். ரோசம்மாள் சுவரோரம் நின்று கத்தியிருக்கிறார். ஒரே கத்தலில் வந்துவிட்டாள். கையில் சோப்பு நுரையோடு ஆட்டோவில் ஏறினாளாம். நாலு இருபதுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். லோகுவின் உயிர் போனது நாலு மணிக்கு.

கூட இருந்தது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். “சம்சாரத்துக்குச் சொல்லியாச்சு, வந்துக்கினே கீது” என்று அரை மணிக்கு ஒரு தடவை லோகுவிடம் சொல்லியிருக்கிறார். திரையில் பச்சை இருந்ததால் மனசார நம்பித்தான் சொன்னார். லோகு கண்ணைத் திறக்கும்போதெல்லாம் “வந்தாளா?” என்று கேட்டாராம். கடைசியாக மூன்றரைக்குக் கேட்டபோது, “இன்னும் கோவம் போல” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டாராம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. பொதட்டூர்பேட்டையில் அவள் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் ஓவர்டைமுக்கு நின்றுவிட்டார். அந்தக் கோபம்.

நான் எந்தச் சாவுக்கும் போகிற மனுஷன்தான். இதற்குப் போகவில்லை.

பதினோராவது நாள் ரோசம்மாள் போன் செய்தார்.

“பாய், லோகு சம்சாரத்த உயிரோட பொதைக்கிறாங்க. மேனேஜர் சார் ஆஸ்பத்திரிலயே அந்தப் பச்சையக் காட்டிட்டாரு, ‘நாங்க சொல்லியாச்சு’ன்னு. லோகு அம்மா குப்பம்மா கெட்டியாப் புடிச்சிக்கிச்சு. கேன்டீன் போனுக்குத்தான் வந்துக்கும், கோவத்துல இவ வேணும்னே குந்திக்கினு இருந்துட்டாள்னு தெருவே பேசுது. நம்பர் தப்புன்னு நான் சொன்னேன். ‘தப்பு நம்பருன்னா எவன் ஒண்ண அமுக்குவான்? ராங் நம்பர்னு தானே சொல்லுவான்’ன்னு கேக்குது அந்தம்மா. எனக்குப் பதில் தெரியல. பதினாறாம் நாள் காரியத்துல அவ உக்காரக்கூடாதாம். ஊட்ட உட்டும் போவணுமாம்.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“அது யாரு நம்பர்னு பாத்துச் சொல்லு பாய். எங்க இருந்தாலும் நான் போயி கால்ல உழுந்தாச்சும் அந்த ஆளை இட்டாறேன்.”

“பாக்குறேன்க்கா” என்றேன்.

ஸ்டீவனிடம் உண்மையைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “சஹா, அழைப்பு போச்சு, உறுதி வந்துச்சு. சிஸ்டம் சரியா இருக்கு. ஆள் விவரம் தர்றது அவங்க வேலை, அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கு. இப்ப போய் உன் நம்பரை எல்லாத்துல இருந்தும் எடுத்துடு. அதோட மறந்துடு.”

உட்கார்ந்து எடுக்கவும் செய்தேன். லோகுவின் வரிக்கு வந்து என் நம்பரை அழித்தேன். கட்டம் சிவப்பானது. ‘பத்து இலக்கம் தேவை.’ செத்தவனுக்கும் கேட்கிறது. அந்த வரியில் மட்டும் என் நம்பரைத் திரும்ப அடித்துவிட்டு எழுந்தேன்.

வாப்பா தன் விலையை முதலில் சொல்லவே மாட்டார். எதிராளி வாயைத் திறக்கட்டும் என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே இருப்பார். நானும் பதினோரு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த குணசுந்தரிக்குச் சொல்ல எதுவும் கிடையாது, அவளுக்கு எதுவும் தெரியாது என்பது உறைக்க அவ்வளவு நாள் ஆனது.

பதினைந்தாம் நாள் காலையில் ஆலைக்குப் போய் ரோசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“லோகுவுக்கு ரிஜிஸ்டர்ல இன்னாக்கா எழுதியிருந்தே?”

“ஏன்?”

“சொல்லு.”

என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். கம்பித் துண்டுகளைத் தாண்டிச் சுவரோரம் நின்றோம். தலை உயரம்கூட இல்லை. ஆலையின் இரைச்சல் அங்கே கொஞ்சம் அடங்கியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம், அலுமினியப் பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்க்கிற சத்தம், இரண்டு பெண்கள் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம்.

“‘பின்பக்கச் சுவரோரம் நின்று குணா என்று கூப்பிடவும். வந்துவிடும்.’ அதான் எழுதனேன்” என்றார் ரோசம்மாள். “லோகுவே சொல்லிக் குட்த்தான். ‘நம்பர்லாம் இன்னாத்துக்குக்கா, நான் கூப்டாலே அவளுக்குக் கேக்கும்’னான். சிரிச்சிக்கினே சொன்னான்.”

அந்த வரியை அழித்துத்தான் நான் என் நம்பரை எழுதியிருந்தேன்.

“அக்கா, அந்த நம்பர் என்னோடது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“நீயா அமுக்குனே?”

“ஆமாக்கா.”

“உள்ள இருக்குன்னு சொன்னியே பாய்” என்றார். அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். பிறகு, “நாளைக்குக் காரியம். காலைல ஒம்போது மணிக்கு வா. நான் கூட வர்றேன். ஆனா நீதான் பேசணும்” என்றார்.

லோகுவின் வீடு ஏரிக்கரைக் காலனியில். தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். மாலை போட்ட போட்டோவில்தான் நான் லோகுவின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். மீசையை மெனக்கெட்டு ஒதுக்கியிருந்தார். ஏழு ஐம்பத்தைந்துக்கு வருகிற ஆள் அப்படித்தான் இருக்க முடியும். போட்டோவுக்குப் பக்கத்தில் குப்பம்மாள். நிழல் முடிகிற இடத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், வெயிலில் ஒரு பெண் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் எல்லோருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“யாருய்யா நீ?” என்றாள் குப்பம்மாள்.

“கம்பெனில கம்ப்யூட்டர் போட்ட ஆளும்மா.”

“கம்பெனிக்காரனா?”

“இல்லம்மா. வெளி ஆளு.”

போனை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமையின் அழைப்பைக் காட்டினேன். “லோகுவுக்கு அடிபட்டப்ப வந்த போன் உங்க மருமகளுக்கு வரல. கேன்டீனுக்கும் வரல. எனக்கு வந்துச்சு. லோகு பேருக்கு நேரா என் நம்பரைப் போட்டு வச்சிருந்தேன். நான்தான் ஒண்ணை அமுக்குனேன்.”

பின்னால் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது.

குப்பம்மாள் எழுந்து கிட்டே வந்தாள். என் நெஞ்சு உயரம்தான் இருந்தாள். “வெளி ஆளுன்ற. எம்புள்ள சேதி வெளி ஆளுக்கு எதுக்குய்யா வந்துச்சு?”

எத்தனையோ மீட்டிங்கில் எத்தனையோ கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொன்னவன் நான்.

“தப்பும்மா” என்றேன்.

“இன்னான்னு கேக்காமயே அமுக்குனியா?”

“பழக்கத்துல அமுக்கிட்டேன்.”

“பழக்கத்துல” என்று ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று கையில் வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

டிரம் பக்கத்திலிருந்து குணசுந்தரி எழுந்து வந்தாள். நான் கையைக் கூப்பினேன். “நான் இன்னா பண்ணணும்னு சொல்லும்மா. எதுவானாலும் பண்றேன்.”

“எழுதிக் குடு” என்றாள்.

ரோசம்மாள் கைப்பையிலிருந்து தாளும் பேனாவும் கொடுத்தார். தரையில் உட்கார்ந்தேன்.

“இன்னான்னு எழுதட்டும்?”

“குணசுந்தரிக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பா. அவ்ளோதான்.”

எழுதினேன். கீழே என் பெயர், கையெழுத்து. நம்பரை எழுதப் போன கையைப் பாதியில் நிறுத்தினேன்.

“படி” என்றாள். “எல்லாருக்கும் கேக்குற மாரி.”

நின்று படித்தேன். மைக் இல்லாமல் நானூறு பேருக்குச் சரக்கை விளக்கிய குரல் அன்றைக்கு முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை.

“இன்னொரு வாட்டி.”

படித்தேன். தெருக்கோடியில் நின்றவர்கள்கூட அருகே வந்தார்கள். குப்பம்மாள் முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். மருமகளின் கையைப் பிடித்தாள். “வாடி. உள்ள வந்து அவன் பக்கத்துல குந்து. நான் பாவி, வாய்க்கு வந்ததுலாம் பேசிட்டேன். வாடிம்மா.”

குணசுந்தரி நகரவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. தலையைத் திருப்பிப் போட்டோவைப் பார்த்தாள்.

“எல்லாரும் கேட்டுட்டாங்க” என்றாள். “நான் வரலன்னு நெனச்சிக்கினே போனாரே, அவுருக்கு யாரு படிச்சிக் காட்டுறது?”

தாளை நீட்டியபடியே நின்றேன்.